சக்கரங்களின் மேல் ஒரு வீடு



வீடு என்றதும் நம் மனத்தில் தோன்றுவது அசையாத ஒரு பொருள். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வீட்டைப் பற்றி வேறோர் அனுபவமும் உண்டு. வேலை இருக்கும்வரை வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஆகவே, சொந்தமாக ஒரு கூரையை வாங்குவது எத்தனை பெரிய காரியம் என்பதையும், அதற்காகச் சேமநிதியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் எத்தனை அருமையானது என்பதையும் நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் பேசப்போவது அசையும் வீட்டைப் பற்றி. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியைக் கேரவன் என்கிறார்கள். அதிலும் தார்ச்சாலையை விட்டிறங்கி, செம்மண் பாதையிலும் மணலிலும் கல்லிலும் போவதற்கென்றே செய்யப்பட்ட கேரவன் ஒன்று உண்டு. அது பெருமளவில் வளர்ந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற பலர், தங்கள் வாழ்நாள் சேமிப்பின் ஒரு பகுதியை இதில்தான் போடுகிறார்கள். நம் பிள்ளைகளிலும் உறவினரிலும் சிலர் அந்நாட்டில் குடியேறியிருக்கிறார்கள். புதிய கேரவனின் விலை அதிகம் என்பதால், முதன்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் பிறர் ஓட்டிய பழைய வண்டியையே தேடுகிறார்கள். அப்படித் தேடுபவர் எதைப் பார்க்க வேண்டும்? அதற்கு விடை கடையில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. இந்த வண்டி எப்படிப் பிறந்தது, எந்தப் பாதைக்காகப் பிறந்தது என்று தெரிந்தால், எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கேரவன் என்பது பாரசீகச் சொல்லான கார்வான் என்பதிலிருந்து வந்தது. பாலைவனத்தில் ஒன்றுசேர்ந்து செல்லும் வணிகர் கூட்டத்துக்கு, ஒட்டகங்களும் மூட்டைகளும் மனிதர்களும் அடங்கிய வரிசைக்கு, அப்பெயர் வழங்கியது. பின்னர் ஆங்கிலேயர் அதைக் கூண்டு வண்டிக்குப் பெயராக்கினார்கள். நாம் அன்றாடம் சொல்லும் வேன் என்பதும் இதன் சுருக்கமே.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்கு முதலில் சென்றதும் பழைய பொருளிலான கேரவன்தான். 1860 ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரிலிருந்து பர்க் என்பவரின் தலைமையில், வில்ஸ் என்பவரும் இடம்பெற, புறப்பட்ட ஆய்வுப் பயணக் குழுவில் இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் இருந்தன. அவற்றைப் பராமரிக்க அக்காலத்து இந்தியாவின் வடமேற்கிலிருந்து ஒட்டகக்காரர்கள் அழைத்து வரப்பட்டார்கள். 1866 ஆம் ஆண்டு தாமஸ் எல்டர் என்னும் செல்வந்தர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைப் போர்ட் அகஸ்டா துறைமுகத்துக்கு வரவழைத்தார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக, உள்நாட்டுக்கு மாவும் சீனியும் தண்டவாளமும் தந்திக் கம்பியும் கொண்டு சென்றவை இந்த ஒட்டகங்களே. ஒட்டகக்காரர்களை வெள்ளையர் 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைத்தனர். உண்மையில் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் பலர். உழைப்புக்காகக் கடல் கடத்தி அழைத்து வரப்பட்டு, ஒரு நாட்டின் வழிகளைத் திறந்து கொடுத்து, பின்னர் மறக்கப்பட்ட மக்கள் என்ற வகையில் அவர்கள் கதை நமக்கு அந்நியமானதன்று. 1920களிலும் 1930களிலும் மோட்டார் லோரி வந்தபோது அவர்களுடைய தொழில் மறைந்தது. ஆனால் அவர்கள் நடந்த தடங்களில் சில, பாதைகளாக நின்றுவிட்டன.

வீட்டு வண்டியின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. ஜிப்ஸிகளும் சர்க்கஸ்காரர்களும் பிழைப்புக்காக வண்டியில் குடியிருந்தது பழைய வழக்கம். உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டியைச் செய்வித்தவர் என்று பெயர் பெற்றவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். இவர் கடற்படையில் மருத்துவராக இருந்தவர்; சிறுவர்களுக்கான கதைகள் எழுதியவர். 1885 ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்னும் வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரம்வரை சென்றார். அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். மலைப்பாங்கான பாதையில் இரண்டு குதிரைகளுக்கு அது இலேசான சுமையன்று. இழுப்பதன் வலிமைக்கும் இழுபடுவதன் எடைக்கும் உள்ள கணக்கு அன்றே தொடங்கிவிட்டது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதற்கு மறுபடியும் வருவோம்.

முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 ஆம் ஆண்டு, பர்மிங்காமில் இருந்த எக்கில்ஸ் நிறுவனம் மோட்டார் கார் இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. குதிரை போய்க் கார் வந்தது.

ஆஸ்திரேலியாவிலும் 1920களிலேயே சிலர் கேரவன் செய்தார்கள். ஆனால் சாதாரணக் குடும்பங்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று கார், மற்றொன்று ஓய்வு நாள். இந்த இரண்டாவது பொருள் தானாகக் கிடைத்ததன்று. தொழிலாளர்கள் நெடுங்காலம் கேட்டுப் போராடிய வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்ற முறை 1948 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹோல்டன் என்னும் உள்நாட்டுக் கார் விற்பனைக்கு வந்தது. போர்க்காலத்தில் 1940 ஆம் ஆண்டு தொடங்கிய பெட்ரோல் பங்கீடு 1950 பிப்ரவரியில் நீங்கியது. ஓய்வும் காரும் பெட்ரோலும் ஒன்றுசேர்ந்தன. வீட்டின் பின்புறத்தில் மரச்சட்டமும் பலகையும் வைத்துத் தாங்களே கேரவன் செய்துகொண்டவர்களும் பலர். கடற்கரை ஊர்களில் கேரவன் நிறுத்தும் திடல்கள் பெருகின.

இப்படிச் செய்யப்பட்ட வண்டிகள் எல்லாம் நல்ல சாலைக்கு ஏற்றவை. கடற்கரை ஓரமாகப் போய், இரண்டு வாரம் தங்கி, திரும்பி வந்துவிடலாம். ஆனால் அந்நாட்டின் உட்பகுதி வேறோர் உலகம்.

அந்த உலகத்தின் பாதைகள் எப்படிப்பட்டவை? தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரீ என்னும் ஊரிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்வரை செல்லும் பாதை ஏறத்தாழ 520 கிலோமீட்டர். கால்நடைகளை ஓட்டிச் சென்ற தடம் அது. 1936 முதல் பல ஆண்டுகள் டாம் குரூஸ் என்னும் லோரி ஓட்டுநர் அந்த வழியில் தபால் கொண்டு சென்றார். மணல்மேடு குறுக்கிட்டால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் முன் போட்டு, ஏறி, மறுபடியும் அவற்றை எடுத்து முன்னால் போட்டு, இப்படியே கடக்க வேண்டும். 1954 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆவணப்படத்தின் மூலம் இவருடைய உழைப்பை உலகம் அறிந்தது.

மேற்குப் பாலைவனத்தில் 1955 முதல் 1963 வரை லென் பீடல் என்னும் நில அளவையாளரின் சிறு குழு 6,000 கிலோமீட்டருக்கும் மேலான பாதைகளை வெட்டியது. உமேரா ராக்கெட் சோதனைத் தளத்துக்காக வெட்டப்பட்ட பாதைகள் அவை. அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. இன்றோ அவர்களுடைய நிலத்தின் ஊடாகச் செல்லும் பல பாதைகளில் போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். வடமேற்கில் உள்ள கிப் நதிச் சாலையோ, மாட்டுப் பண்ணைகளிலிருந்து மாடுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அமைந்தது. ராக்கெட்டுக்கு ஒரு பாதை, மாட்டுக்கு ஒரு பாதை, தபாலுக்கு ஒரு பாதை; குடும்பத்தோடு போவதற்கென்று எந்தப் பாதையும் போடப்படவில்லை.

இந்தப் பாதைகளில் போகக்கூடிய வாகனமும் அதே காலத்தில் வந்தது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் லேண்ட் ரோவர் 1948 ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று. நம் தோட்டங்களில் துரைமார் ஏறிவந்த அதே லேண்ட் ரோவர்தான். 1949 முதல் 1974 வரை நடந்த ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அங்கும் அது ஓடியது. 1950களின் பிற்பகுதியில் அதே திட்டத்தின் வேலைகளுக்காக ஜப்பானிலிருந்து டொயோட்டா லேண்ட் குரூசர் வரவழைக்கப்பட்டது. இப்படி வேலைக்காக வந்த வாகனம், பின்னர் குடும்பங்களின் கைக்கு வந்தது.

வாகனம் போகும். ஆனால் பின்னால் இழுபடும் சாதாரணக் கேரவன் தாங்குமா? தாங்கவில்லை. காரணம் பெரிய குழி அன்று, சிறிய அலை. நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமும் உண்டாகி, வண்டி கடகடவென்று அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் மிக மெதுவாக உருண்டால் அந்த வரிகள் தோன்றுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தாமாகத் தோன்றுகின்றன என்பதை 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தோட்டத்தில் அது ஒரு மைல், இரண்டு மைல். ஆஸ்திரேலிய உட்பகுதியில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். காலைமுதல் மாலைவரை ஒரு வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? திருகாணிகள் கழன்றன. அலமாரிக் கதவுகள் பெயர்ந்தன. நீர்க்குழாய்கள் விட்டுப்போயின. மின்கம்பி இணைப்புகள் தளர்ந்தன. கடைசியில் அடிச்சட்டத்திலேயே வெடிப்பு விழுந்தது. இடுக்குகள்தோறும் செம்புழுதி புகுந்தது.

இந்தத் தோல்விகளுக்குப் பதிலாகத்தான் கரடுமுரடான பாதைக்குரிய கேரவன் படிப்படியாக உருவாயிற்று. அடிச்சட்டத்தின் இரும்பு கனமாயிற்று. வண்டி தரையிலிருந்து உயர்ந்தது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே அச்சில் கோக்காமல், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும்படியான ஸ்பிரிங் அமைப்பு வந்தது. சாதாரணக் கேரவனைக் காரோடு சேர்ப்பது ஓர் இரும்புக் குண்டும் அதன்மேல் கவியும் கிண்ணமும். மேடு பள்ளத்தில் வண்டி ஒரு பக்கமும் கார் மறுபக்கமும் சாயும்போது அது போதாது. எல்லாத் திசையிலும் திரும்பும் புதுவகை இணைப்புகள் வந்தன. அடியில் தண்ணீர்த் தொட்டிகளும், கூரையில் சூரிய ஒளித் தகடுகளும், உள்ளே பெரிய மின்கலங்களும் வந்தன. இவை ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் ஒவ்வொன்றும் எடையைக் கூட்டியது.

இதற்கிடையே நாட்டைச் சுற்றிவரும் பெருஞ்சாலைகள் தார்ச்சாலைகள் ஆயின. தெற்கே உள்ள ஐர் நெடுஞ்சாலை 1976 ஆம் ஆண்டில் முழுமையாகத் தார் போடப்பட்டது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின்வரை செல்லும் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை, சுமார் 2,700 கிலோமீட்டர், 1987 ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. கிளைப்பாதைகள் இன்றும் பெரும்பாலும் மண்பாதைகளே. பெருஞ்சாலையில் எளிதாகச் சென்று, கிளைப்பாதையில் துணிந்து இறங்கும் பயணமுறை இவ்வாறு பிறந்தது.

பயணம் போகப் பணம் வேண்டுமே? நம் நாட்டில் ஊழியர் சேமநிதி 1951 ஆம் ஆண்டு தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் முதலாளிகள் ஓய்வுக்கால நிதிக்குக் கட்டாயமாகப் பணம் செலுத்த வேண்டும் என்ற சட்டம் 1992 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஓய்வு பெற்ற தம்பதியர் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றிவருவது வழக்கமாயிற்று. தலை நரைத்த பின் ஊர் சுற்றும் இவர்களை 'நரைத்த நாடோடிகள்' என்ற பொருளில் அந்நாட்டார் அன்போடு அழைக்கிறார்கள். சிலர் இருந்த வீட்டை விற்றும் கேரவன் வாங்கியதுண்டு. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாக நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாடு போக முடியாதவர்கள் உள்நாட்டுப் பயணத்துக்காகக் கேரவன்களைத் தேடி வாங்கினார்கள். உடல் தளர்ந்ததாலோ, ஆசை தீர்ந்ததாலோ, கடன் அழுத்தியதாலோ விற்பனைக்கு வரும் வண்டிகள்தான் பழைய வண்டிச் சந்தையில் நிற்கின்றன.

நேயர்களே, இப்போது வாங்குபவர் பக்கம் வருவோம்.

அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் மாடு வளர்த்தவர்கள் உண்டு. மாடு வாங்கப் போகிறவர் அதன் நிறத்தைப் பார்த்து மயங்க மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்; காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் இருக்கவும் கூடாது. பழைய கேரவனும் அப்படித்தான். முதன்முறை வாங்குபவர் கதவைத் திறந்து உள்ளே போகிறார். மெத்தை பளபளக்கிறது, அடுப்பு மின்னுகிறது, அங்கேயே மனம் விழுந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவர் உள்ளே போவதற்குமுன் கீழே படுத்துப் பார்க்கிறார். பாதை எழுதிய கதை அடியில்தான் இருக்கிறது.

அடியில் என்ன பார்க்க வேண்டும்? அடிச்சட்டத்தின் மூலைகளிலும், முன்னால் முக்கோணமாக நீளும் இழுவைச் சட்டம் சேரும் இடத்திலும் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா? ஸ்பிரிங், அதிர்வு தாங்கி ஆகியவை பொருந்திய இடத்தில் மறுபடியும் வெல்டிங் செய்த தழும்பு இருக்கிறதா? பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுச் சாயம் பூசியிருந்தால், அது எதை மறைக்கிறது என்று கேட்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிகள் கல்லடி பட்டிருக்கின்றனவா? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றிருந்தால், 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வரி தேயாமல் புதிதுபோல் தோன்றும் டயரும் வயதில் கிழமாக இருக்கலாம்.

அடுத்து உள்ளே வருவோம். அலமாரியின் மூலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். செம்புழுதி ஒட்டினால், 'தார்ச்சாலையை விட்டு இறங்கியதே இல்லை' என்று விற்பவர் சொல்லும் பேச்சை எடைபோட்டுப் பார்க்கலாம். மண்பாதையில் போனது குற்றமன்று. அதற்காகவே செய்த வண்டிதான். போனதை மறைப்பதும், போனபின் பழுது பார்க்காததும்தான் குற்றம். ஆகையால் பழுது பார்த்த ரசீதுகளைக் கேட்க வேண்டும். சக்கரத்தின் பேரிங் எப்போது கழற்றிப் பார்க்கப்பட்டது, பிரேக் எப்போது சரிசெய்யப்பட்டது என்ற குறிப்பு வைத்திருக்கும் உரிமையாளர், வண்டியை மதித்தவர்.

புழுதியைவிடப் பெரிய எதிரி நீர்க்கசிவு. அதிர்வினால் கூரை மூட்டுகளிலும் சன்னல் ஓரங்களிலும் பூசிய அடைப்புப் பசை பிளந்து, மழைநீர் மெல்ல உள்ளே இறங்கும். வெளியே அலுமினியத் தகடு அழகாகவே இருக்கும். உள்ளே மரச்சட்டம் உளுத்துப் போயிருக்கும். மூலைகளையும் சன்னலின் அடிப்பகுதியையும் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் எச்சரிக்கை. பூஞ்சை நாற்றம் வந்தாலும் எச்சரிக்கை. சட்டம் உளுத்த வண்டியைப் பழுது பார்க்கும் செலவு, சில வேளைகளில் வாங்கிய விலையையே நெருங்கிவிடும்.

இப்போது முன்பு சொன்ன எடைக் கணக்குக்கு வருவோம். இதில்தான் முதன்முறை வாங்குபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலைக்குள் நுழையும்போது ஒரு முறை நிறுக்கிறார்கள். குலையைக் கொட்டிவிட்டு வெளியேறும்போது மறுமுறை நிறுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் சுமை. கேரவனுக்கும் இதே இரண்டு எடைகள் உண்டு. அவை வண்டியில் பதித்த தகட்டில் எழுதப்பட்டிருக்கும். வெற்று வண்டியின் எடையை டேர் என்பார்கள். சுமையோடு அந்த வண்டி தாண்டக்கூடாத உச்ச வரம்பை ஏடிஎம் என்பார்கள். வங்கியில் பணம் எடுக்கும் பெட்டியை எண்ணிக்கொள்ள வேண்டாம், இது வேறு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். வெற்று எடை 2,300 கிலோ. உச்ச வரம்பு 2,800 கிலோ. ஆகவே ஏற்றக்கூடியது 500 கிலோ. கேட்கும்போது தாராளமாகத் தோன்றுகிறது. நூறு லிட்டர்த் தொட்டிகள் இரண்டையும் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. சமையல் எரிவாயு இரண்டு தோம்புகளில் 18 கிலோ. பின்னால் வாங்கிப் பொருத்திய கூடுதல் மின்கலம், நிழற்கூரை, இரண்டாவது மாற்று டயர், கருவிப் பெட்டி எல்லாம் சேர்த்து 120 கிலோ என்று வைப்போம். மிச்சம் 162 கிலோ. இரண்டு பேருக்கு மாதக்கணக்கில் வேண்டிய துணிமணி, அரிசி பருப்பு, சட்டி பானை, மேசை நாற்காலி, படுக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. முந்திய உரிமையாளர் ஆசையாகச் சேர்த்த ஒவ்வொரு பொருளும் புதிய உரிமையாளரின் 500 கிலோவிலிருந்து கழிந்துவிட்டது. எனவே தகட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பாமல், லோரி நிறுக்கும் மேடையில் வண்டியை ஏற்றி நிறுத்துப் பார்ப்பதே சரி.

கணக்கு அதோடு முடியவில்லை. கேரவனின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, இணைப்பின் வழியாகக் காரின் பின்புறத்தை அழுத்தும். 2,800 கிலோ வண்டியென்றால் சுமார் 280 கிலோ. நான்கு பெரிய ஆட்கள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். இந்த அழுத்தம் காரின் சுமையோடு சேரும். காருக்கென்று ஒரு வரம்பு, காரும் கேரவனும் சேர்ந்து ஒரு வரம்பு. '3,500 கிலோ இழுக்கும் கார்தானே' என்று ஒரே எண்ணைச் சொல்லித் திருப்தி அடைந்தால், மற்ற வரம்புகள் மீறப்பட்டிருக்கும். மாறாகப் பாரத்தையெல்லாம் பின்னால் ஏற்றி, முன் அழுத்தத்தைக் குறைத்தால், வேகத்தில் கேரவன் பாம்பு வால்போல் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். பணம் மட்டுமன்று, உயிரும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அடுத்தது கடன். நம் நாட்டில் தவணை முறைக் கொள்முதல் சட்டம் 1967 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தவணை தீராத வண்டியை ஒருவர் விற்க, வாங்கியவரிடமிருந்து அது பறிபோன கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் இதைத் தவிர்க்க, 2012 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு இயங்குகிறது. வண்டியின் 17 எழுத்தும் எண்ணுமான அடையாளக் குறியைக் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தினால், அதன்மேல் கடன் இருக்கிறதா, திருட்டுப் புகார் இருக்கிறதா என்று அறியலாம். அந்தக் குறி காகிதத்திலும் வண்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணம் கொடுக்கும் அன்றே பார்க்க வேண்டும். சென்ற மாதம் பார்த்தது போதாது. வணிகரிடம் வாங்கினால் 2011 முதல் நடப்பில் உள்ள நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் துணை நிற்கும். தனியாளிடம் வாங்கினால் அவற்றில் பெரும்பாலானவை கிடையா. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. வண்டியின் பக்கத்தில் 'ஆஃப்-ரோடு' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது செய்தவர் வைத்த பெயர். எல்லா நிறுவனங்களும் அதை ஒரே பொருளில் வழங்குவதில்லை. ஒருவருக்கு அது நன்கு பராமரித்த மண்சாலை. மற்றொருவருக்கு அது ஆற்றுப் படுகையும் பாறையும். எந்தப் பாதையில் போகலாம், எதில் போனால் உத்தரவாதம் செல்லாது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். ஒட்டிய எழுத்தைப் படிப்பவர் பலர். கையேட்டைப் படிப்பவர் சிலர். அந்தச் சிலரில் ஒருவராக இருப்பது நல்லது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பரிசோதகரிடம், கூலி கொடுத்துக் காட்டுவதில் வெட்கம் ஏதுமில்லை.

நேயர்களே, ஒட்டகத்தில் தொடங்கிய கதை இங்கே வந்து நிற்கிறது. ஒட்டகக்காரர் ஒவ்வொரு நாள் காலையிலும் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, இருபுறமும் எடை சமமாக இருக்கிறதா என்று கவனித்து, விலங்கின் முதுகையும் காலையும் தடவிப் பார்த்த பின்னரே புறப்படுவார். அவருக்குப் பின் லோரி வந்தது, கார் வந்தது, சூரிய ஒளித் தகடும் வந்தது. ஆனால் தூரமும் வெயிலும் வரிவரியான மண்பாதையும் மாறவில்லை. சுமையை அளந்து பார், தாங்குவதன் உடம்பைத் தொட்டுப் பார் என்ற பாடமும் மாறவில்லை.

இந்தப் பாடம் கேரவனுக்கு மட்டுமன்று. நாம் வாங்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும், ஏன், கைமாறி வரும் வீட்டுக்கும்கூட இதுவே பொருந்தும். பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. விற்பவர் வாயால் ஒரு வரலாறு சொல்வார். பொருள் தன் உடம்பால் ஒரு வரலாறு சொல்லும். இரண்டும் ஒத்திருந்தால் வாங்குங்கள். ஒத்திராவிட்டால், வாழ்நாள் முழுதும் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். அன்று வெறுங்கையோடு திரும்பியது நஷ்டம் ஆகாது.